மருத்துவச் சீர்திருத்தத்தில் கிளின்டன் தோற்றார், ஒபாமா ஜெயித்தார்: மக்கள் ஆதரவு யார் பக்கம் இருந்தது?

1992 அமெரிக்க அதிபர் தேர்தல் நேரம். லிட்டில் ராக் நகரில் கிளின்டனின் பிரசார அலுவலகச் சுவரில் அவருடைய பிரசார ஆலோசகர் ஜேம்ஸ் கார்வில் மூன்று வரி எழுதி வைத்திருந்தார். உலகம் நினைவில் வைத்திருப்பது பொருளாதாரத்தைப் பற்றிய நடுவரியை மட்டும். மூன்றாவது வரி மருத்துவத்தை மறந்துவிடாதே என்று சொன்னது. இரண்டும் ஒரே சுவரில் இருந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு போட்டதால், ஆள் பிடிக்க முதலாளிகள் மருத்துவக் காப்பீட்டைச் சலுகையாகக் கொடுத்தார்கள். 1954-இல் அதற்கான வரிவிலக்கு சட்டத்திலேயே ஏறியது. அன்றிலிருந்து அமெரிக்காவில் பெரும்பாலானோருக்கு வேலை போனால் காப்பீடும் போகும். நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ பிள்ளை ஐ.டி. வேலையில் இருக்கும் நம் வீடுகளில் 'லே ஆஃப்' என்றால் ஏன் அத்தனை நடுக்கம் என்பதற்கு விசா பாதிக் காரணம் என்றால், மீதி இது.

ஆகவே பொருளாதாரம் படுத்தால், எல்லோருக்கும் காப்பீடு தர முயலும் மருத்துவச் சீர்திருத்தத்துக்கு ஆதரவு பெருகும் என்பது நியாயமான கணக்காகத்தான் தோன்றும். அந்தக் கணக்கை நம்பி பதினாறு ஆண்டு இடைவெளியில் இரண்டு ஜனநாயகக் கட்சி அதிபர்கள் இறங்கினார்கள். ஒருவர் தோற்றார், ஒருவர் ஜெயித்தார். ஜெயித்தவருக்கு மக்கள் ஆதரவு கூடுதலாக இருந்திருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். கருத்துக்கணிப்புகளைப் புரட்டினால் அப்படி இல்லை.

கிளின்டனை முதலில் பார்ப்போம். 1990 ஜூலையில் தொடங்கிய மந்தம் கணக்குப்படி எட்டே மாதத்தில் முடிந்துவிட்டது. வேலையின்மை மட்டும் ஏறிக்கொண்டே போய் 1992 ஜூனில் 7.8 சதவீதத்தைத் தொட்டது. நடுவில், 1991 நவம்பரில், பென்சில்வேனியாவில் ஒரு செனட் இடைத்தேர்தல். முன்னாள் ஆளுநர் டிக் தார்ன்பர்கை எதிர்த்து நின்ற ஹாரிஸ் வோஃபோர்டை ஆரம்பத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. குற்றவாளிக்கு வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டென்றால் உழைக்கிறவனுக்கு மருத்துவரைப் பார்க்க உரிமை வேண்டாமா என்று கேட்டே அவர் ஜெயித்தார். அந்த ஒரு வெற்றியை வைத்து, நாடு தயாராகிவிட்டது என்று வாஷிங்டன் முடிவு கட்டியது.

1993 செப்டம்பர் 22 அன்று கிளின்டன் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் பேசினார். பார்த்துப் படிப்பதற்காக எதிரே வைத்த திரையில் ஓடியது வேறொரு பழைய உரை. சரியான உரை வரும்வரை சமாளித்துப் பேசினார். அதற்குப் பிறகு காலப் (Gallup) நிறுவனத்தின் கணிப்பில் ஆதரவு அறுபது சதவீதத்தை ஒட்டி இருந்தது. அடுத்த கோடைக்குள் நாற்பதை ஒட்டிச் சரிந்துவிட்டது.

ஏன் சரிந்தது? வழக்கமாகச் சொல்லப்படும் பதில் 'ஹாரி அண்ட் லூயிஸ்' விளம்பரம். காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம் எடுத்த படம் அது. சமையலறை மேசையில் ஒரு கணவன் மனைவி உட்கார்ந்து திட்டத்தைப் படித்துக் கவலைப்படுவார்கள். அந்த விளம்பரத்துக்கு அளவுக்கு மீறிப் புகழ் கொடுத்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். மசோதா 1,342 பக்கம். அதை எழுதியது ஹில்லாரி கிளின்டன் தலைமையில் மூடிய அறைகளில் கூடிய வெள்ளை மாளிகைக் குழு. ஊழியர் காப்பீட்டில் பெரும்பங்கை எல்லா முதலாளிகளும் கட்ட வேண்டும், மக்கள் வட்டாரக் கூட்டமைப்புகள் வழியாகக் காப்பீடு வாங்க வேண்டும், பிரீமியம் உயர்வுக்கு அரசு உச்சவரம்பு போடும் என்றெல்லாம் அதில் இருந்தது. ஏற்கெனவே காப்பீடு வைத்திருந்த 85 சதவீதம் பேருக்கு அதிலிருந்து எட்டிய சேதி ஒன்றுதான்: உன்னிடம் இருப்பது மாறப்போகிறது. 1994 மார்ச்சில் ஒரு பத்திரிகைக் கணிப்பு, திட்டத்தின் பெயரைச் சொல்லாமல் அம்சங்களை மட்டும் விவரித்துக் கேட்டது. பெருவாரியானவர்களுக்குப் பிடித்திருந்தது.

இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. பட்ஜெட் சண்டை, நாஃப்டா என்ற வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம் என்று முதல் ஆண்டு கரைந்துபோய் மசோதா விவாதத்துக்கு வருவதற்குள் பொருளாதாரம் தேறிவிட்டது. 1994 முடியும்போது வேலையின்மை 5.5 சதவீதம். வோஃபோர்டை ஜெயிக்க வைத்த பயம் வடிந்துவிட்டது. செப்டம்பரில் செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஜார்ஜ் மிட்செல் கைவிரித்தார். நவம்பரில் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியின் கைக்குப் போனது. தோற்றவர்களில் வோஃபோர்டும் ஒருவர்.

அப்படியானால் பயம் உச்சத்தில் இருக்கும்போதே முடித்துவிட்டால் சரிதானே? ஒபாமா அதைத்தான் செய்தார். 2009 அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதம். வேலையோடு காப்பீட்டையும் இழந்தவர்கள் ஏராளம். ஆனால் ஆதரவு எகிறவில்லை, எதிர்ப்புதான் வலுத்தது. பிப்ரவரியில்தான் 787 பில்லியன் டாலர் ஊக்கத் திட்டம் நிறைவேறியிருந்தது. அந்த நிதியாண்டின் பற்றாக்குறை 1.4 டிரில்லியன். "முதலில் வேலையைக் கொடு, மருத்துவம் அப்புறம்" என்பதே ஊர் ஊராகக் கேட்ட பேச்சு. கிளின்டனுக்குப் பயம் வடிந்தது குறை என்றால், ஒபாமாவுக்குப் பயம் பொங்கியதே குறை. கையில் இருப்பதும் போய்விடுமோ என்கிறவன் புதிதாக எதையும் கேட்கமாட்டான்.

2009 கோடையில் உறுப்பினர்கள் தொகுதி மக்களைச் சந்தித்த டவுன் ஹால் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தென் கரோலினாவில் உறுப்பினர் ராபர்ட் இங்லிஸிடம் ஒருவர், என் மெடிகேரில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்று கத்தினார். மெடிகேரே முதியோருக்கான அரசாங்கக் காப்பீட்டுத் திட்டம்தான். சிரித்துவிட்டுப் போவது சுலபம், ஆனால் அந்தப் பெரியவரின் கணக்கு அப்படியொன்றும் தப்பில்லை. மெடிகேர் செலவைக் குறைத்து அந்தப் பணத்தில் மற்றவர்களுக்குக் காப்பீடு தருவது திட்டத்தின் ஒரு பகுதி. 2010 ஜனவரியில் மாசசூசெட்ஸிலும் ஏறக்குறைய இதே கதை. 2006-லேயே மாநிலச் சட்டத்தால் காப்பீடு பெற்றுவிட்டவர்கள், டெட் கென்னடியின் காலி இடத்துக்கு, சீர்திருத்தத்தை எதிர்த்த ஸ்காட் பிரவுனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2010 மார்ச் 21 அன்று ஒபாமாவின் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 219–212 என்று நிறைவேறியபோது பெரும்பாலான கணிப்புகளில் ஆதரவைவிட எதிர்ப்பே அதிகம். எதிர்த்தவர்களில் ஒரு பகுதியினர் இது போதாது என்று இடதுபக்கமிருந்து எதிர்த்தவர்கள். அவர்களை ஒதுக்கி வைத்தாலும் கிளின்டனின் கடைசிக் கட்டத்தைவிடப் பெரிய ஆதரவு ஒன்றும் இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில். ஒபாமா மசோதாவை வெள்ளை மாளிகையில் எழுதாமல் நாடாளுமன்றக் குழுக்களிடமே விட்டார். மருந்து நிறுவனங்களோடு முன்கூட்டியே பேசி, பத்தாண்டில் 80 பில்லியன் டாலர் விட்டுக்கொடுக்க வைத்து, பதிலுக்கு அரசே மருந்து விலையைப் பேரம் பேசும் யோசனையைக் கைவிட்டார். 2009-இல் அதே ஹாரியும் லூயிஸும் சீர்திருத்தத்தை ஆதரித்து நடித்தார்கள். பணம் போட்டவர்களில் மருந்து நிறுவனங்களின் சங்கமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்க்கட்சியின் முட்டுக்கட்டையை உடைக்கத் தேவையான 60 இடங்கள் செனட்டில் சிறிது காலம் அவர் கட்சிக்கு இருந்தன. மக்களின் மனத்தை மாற்றி ஜெயித்தார் என்று இதைச் சொல்ல முடியாது. அந்த நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் அவர் கட்சி 63 இடங்களை இழந்தது.

மனம் மாறியது 2017-இல். டிரம்ப் அரசு சட்டத்தை நீக்கக் கிளம்பியபோது, மாற்றாக வந்த மசோதாவுக்கு ஒரு கணிப்பில் கிடைத்த ஆதரவு 17 சதவீதம். மருத்துவக் கொள்கையை ஆராயும் கைசர் அறக்கட்டளை ஏழு ஆண்டாக எடுத்துவந்த கணிப்புகளில் ஒபாமா சட்டம் அந்த ஆண்டுதான் முதன்முறையாகப் பாதியைத் தாண்டியது. இருப்பது போய்விடும் என்ற அதே பயம் இப்போது சட்டத்துக்குக் காவல் நின்றது. 1994-இல் கிளின்டனைக் கவிழ்த்த உணர்ச்சிதான் இது. ஜூலை 28 அதிகாலையில் செனட்டில் டிரம்பின் கட்சிக்காரரான ஜான் மெக்கெய்னே கட்டைவிரலைக் கீழே காட்டியதும் நீக்கும் முயற்சி 49–51 என்று விழுந்தது.

அரசியல் வழியாக எது மேல் என்று கேட்டால் ஒபாமாவின் வழிதான். திட்டமாகப் பார்த்தால் எனக்கு அவ்வளவு உறுதியில்லை. கிளின்டன் மசோதாவில் இருந்த பிரீமியம் உச்சவரம்பு ஒபாமா சட்டத்தில் இல்லை. முதலாளி வழியாகக் கிடைக்கும் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டு பிரீமியம் 2009-இல் 13,375 டாலர், 2024-இல் 25,572. விலையைப் பிடிக்காமல் மானியத்தால் ஈடுகட்டும் ஏற்பாடு அது. சந்தையில் தனியாகக் காப்பீடு வாங்குபவர்களுக்கான மானியத்தை 2021-இல் இன்னும் கூட்டினார்கள், 2025 இறுதிவரை நீட்டித்தார்கள். 2025 அக்டோபரில் அமெரிக்க அரசு முடங்கியபோது செனட்டில் நடந்த சண்டை அந்த மானியத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பதைப் பற்றித்தான்.