பிரிட்டனின் அரச ஆணைகள்: சட்டவழியா, தனியதிகாரமா?

பிரிட்டனில் மன்னரின் ஆலோசனை மன்றமான பிரிவி கவுன்சிலில் மன்னர் ஒப்புதல் தந்து வெளியாகும் ஆணைகள் இரண்டு வகை.

ஒன்று, நாடாளுமன்றச் சட்டம் தந்த அதிகாரத்தில் பிறப்பது. சட்டம் போட்ட எல்லையைத் தாண்டினால் நீதிமன்றம் ரத்து செய்துவிடும். ஐ.நா. சட்டம் என்ற 1946-ஆம் ஆண்டு பிரிட்டன் சட்டத்தின் கீழ், பயங்கரவாதச் சந்தேகத்தில் சிலரின் சொத்துகளை முடக்கிய 2006 ஆணை, 2010-இல் அப்படித்தான் விழுந்தது.

மற்றது, அரசரின் தனியதிகாரத்தில் பிறப்பது. இதற்கு நாடாளுமன்றத்தின் சம்மதம் தேவையில்லை. பெயர்தான் அரசருடையது, முடிவு அமைச்சர்களுடையது. இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் ஆண்ட சாகோஸ் தீவு மக்கள் சொந்த மண்ணில் குடியிருக்கும் உரிமையை 2004-இல் பறித்தது இந்த வகை ஆணைதான். விவாதமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. 2008-இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் 3-2 என்ற கணக்கில் அது செல்லும் என்றார்கள். ஒரு மக்கள் கூட்டத்தின் ஊரையே இப்படிப் பறிப்பது பெரிய அநியாயம்.

சரி, இதற்கும் நீதிமன்றக் கடிவாளம் உண்டு. 2019-இல் நாடாளுமன்றத்தை முடக்கிய ஆணையை உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் செல்லாது என்றார்கள். ஆனால் யாராவது வழக்குப் போட வேண்டும். சட்டவழி ஆணைக்கு எல்லையை நாடாளுமன்றம் முன்பே வகுத்துவிடுகிறது. அதனால் என் ஓட்டு அதற்கே.