சதவீதமா, எடிட்டர் கண்ணா?

தரமணியில் டீ குடித்துக்கொண்டே நண்பர் தன் ஆய்வுக் கட்டுரையின் சிமிலாரிட்டி ரிப்போர்ட்டைக் காட்டினார், ஏற்கெனவே வெளியான எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் போடும் கணக்கு. 18 சதவீதம். சிவப்பில் இருந்தது பெரும்பாலும் செய்முறைப் பகுதி, "கரைசலை 4 டிகிரியில் இரவு முழுக்க வைத்தோம்" மாதிரியான வரிகள்தான்.

இதையே ஆய்வேடாகக் கொடுத்திருந்தால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகள் பேசும்: 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரணும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மாணவருக்குக் கணக்கு தெளிவு, சரி. ஆனால் வேறொருவரின் வரைபடத்தைச் சுட்டு, வார்த்தையை மாற்றி எழுதி, 6 சதவீதத்தில் ஜம்மென்று தப்பிப்பவரை என்ன செய்வது?

வெளியீட்டு நெறிகளுக்கான சர்வதேச அமைப்பான கோப் (COPE) தரும் வழிகாட்டுதலைப் பின்பற்றும் ஜர்னல்களில் எண் வெறும் தொடக்கம்தான். எடிட்டர் எது, எங்கே ஒத்துப்போகிறது என்று பார்ப்பார், நாலைந்து சொற்றொடர் என்றால் மாற்றி எழுதி மேற்கோள் காட்டச் சொல்வார், பத்தி பத்தியாகவோ தரவையோ எடுத்திருந்தால் விளக்கம் கேட்பார், பதில் திருப்தியில்லை என்றால் நிராகரிப்பு, அப்புறம் அவர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கே கடிதம் போகலாம். நாள் இழுக்கும்தான், எடிட்டரின் பொறுமையைப் பொறுத்தது. இருந்தாலும் என் ஓட்டு இதற்கே. நண்பரோ அந்த 18ஐ 9 ஆக்க நல்ல வாக்கியங்களை உட்கார்ந்து கெடுத்துக்கொண்டிருக்கிறார்.