தேய்ஞ்ச ஃபான்ட்டை வாங்கறதா, நாமளே தேய்க்கறதா?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டுல எங்க அபார்ட்மென்ட் பொங்கலுக்கு 60 டீஷர்ட். 'பொங்கலோ பொங்கல்'னு தடிமனா, பழைய மரக்கட்டை அச்சுல அடிச்சு மை அங்கங்க விட்டுப்போன மாதிரி வேணும்னு முடிவு பண்ணி டிசைனை என் தலையில கட்டிட்டாங்க. தேய்மானத்தோடயே வர்ற ரெடிமேட் ஃபான்ட் ஒரு வழி, சுத்தமான போல்டு ஃபான்ட்டை எடுத்து நாமளே தேய்க்கறது இன்னொரு வழி. ரெண்டும் செஞ்சு பாத்தேன், டீஷர்ட்ல ஏறினது ரெண்டாவதுதான்.

ரெடிமேட்ல டைப் பண்ணா வேலை முடிஞ்சுது. தமிழ்ல அந்த மாதிரி கிடைக்கறதே கம்மி, நான் காசு குடுத்து வாங்கினது யூனிகோடு (இப்ப எல்லா இடத்துலயும் பொதுவா ஓடற எழுத்துக்குறி முறை) கூட இல்ல, சரி அதை விடுங்க.

என் மனசை மாத்தினது ரிப்பீட்தான். ஒரே வார்த்தை ரெண்டு தடவை வருதுல்ல, முதல் 'ப'வோட இடது கால்ல ஒரு சொட்டை இருந்தா ரெண்டாவது 'ப'லயும் அதே இடத்துல அதே சொட்டை, ஒருதடவை கண்ணுல பட்டுச்சுன்னா அப்புறம் வேற எதுவுமே தெரியாது. நிஜ அச்சுல ரெண்டு 'ப' வேணும்னா ரெண்டு தனித்தனி கட்டை கோக்கணும், ஒவ்வொண்ணும் அதுபாட்டுக்கு அடிபட்டிருக்கும். இங்கிலீஷ்ல கேப்பிட்டல் மட்டும் இருக்கற ஃபான்ட்ல ஷிஃப்ட் அழுத்தினா ஒரு தேய்மானம், அழுத்தலைன்னா வேற தேய்மானம்னு சமாளிப்பாங்க, நம்ம எழுத்துல பெருசு சின்னது கிடையாதே! ஓபன்டைப்னு ஒரு ஃபான்ட் ஃபார்மட்ல ஒரே எழுத்துக்கு மாற்று வடிவம் வெச்சு செய்யலாம்தான், நான் வாங்கினதுல அது இல்ல.

அதனால பாலூ தம்பி 2ங்கற சுத்தமான ஃபான்ட்டை எடுத்தேன். மும்பையில ஃபான்ட் செய்யற ஏக் டைப் ஆளுங்க செஞ்சது, கூகுள் ஃபான்ட்ஸ்ல ஃப்ரீ, 400லேர்ந்து 800 வரைக்கும் வெயிட் (எழுத்தோட தடிமன்) இருக்கு, நான் போட்டது இருக்கறதுலயே தடிமனான 800. கருப்பு போஸ்டர் கலரை ரோலர்ல தொட்டு சொரசொரப்பு பேப்பர்ல அரைகுறையா உருட்டி, ஸ்கேன் பண்ணி, அவுட்லைன் ஆக்கின (டைப் பண்ணதை வெறும் வடிவமா மாத்தின) எழுத்துலேர்ந்து அந்த வெள்ளைத் திட்டுகளைக் கழிச்சேன். மொத்த வரி மேலயும் ஒரே ஸ்கேன் நீளமா ஓடறதால எந்த ரெண்டு எழுத்தும் ஒரே மாதிரி தேயல. பாலூவோட முனையெல்லாம் ரொம்ப உருண்டை, மரக்கட்டை மாதிரியே இல்ல, அதைக் கொஞ்சம் செதுக்க வேண்டியிருந்துச்சு.

சுல்தான்பேட்டையில ஸ்கிரீன் பிரிண்டிங் அண்ணன் பாத்துட்டு, "பொடிப்புள்ளியெல்லாம் மை ஏறி அடைச்சுக்கும் தம்பி, எடுத்துடு"ன்னார். என்கிட்ட டெக்ஸ்சர், அதாவது அந்தத் திட்டு, தனி லேயர், பத்து நிமிஷத்துல எடுத்தாச்சு. ரெடிமேட்னா ஒவ்வொரு எழுத்தா உக்காந்து நோண்டணும்.

ஒண்ணு ஒத்துக்கறேன், வாசகத்தை மாத்தினா என் வழியில மறுபடி கழிக்கணும், தினமும் புது போஸ்டர் போடறவங்களுக்கு ரெடிமேட்தான் சரிப்படும்னு தோணுது. வீடியோவுல ரெண்டையுமே போட்டுப் பாத்ததில்ல. டீஷர்ட்டும் இதுவரைக்கும் ரெண்டு வாஷ்தான் பாத்திருக்கு, இப்பவே எது நான் தேய்ச்சது எது மெஷின் தேய்ச்சதுன்னு லேசா குழப்பம்.