பழைய லேப்டாப்பில் கூடுதல் ரேம்: வேகமும் வந்தது, கிறீச்சும் வந்தது

2018, 2019 வாக்கில் கடைக்குக் கடை குவிந்து கிடந்த ரகம்தான் என் லேப்டாப். ஐ3-7020யூ பிராசசர், 4 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டு எஸ்எஸ்டி போட்ட கதை எல்லோரிடமும் இருக்கும், அதை விட்டுவிடுவோம். அப்புறம் 2023இல் 8 ஜிபி ரேம் ஒன்று சேர்த்தேன். இதே மாதிரி மெஷின் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், மகள் காலேஜ் போகிறாள், ரேம் போட்டுக் கொடுக்கலாமா என்று போன வாரம் கேட்டார். அவருக்குச் சொல்ல ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால் எழுதியே வைக்கிறேன்.

எனக்குக் கணக்கு எழுதும் வேலை. டேலி ஒரு பக்கம், எக்செல் ஒரு பக்கம், பிரவுசரில் ஜிஎஸ்டி தளம், பேங்க் தளம், வாட்ஸ்அப் வெப் எல்லாம் திறந்தே கிடக்கும். 4 ஜிபியில் விண்டோஸ் எழுந்து உட்காரும்போதே பாதி நிரம்பிவிடும். மீதியும் நிரம்பியதும் பிரவுசர் பின்னால் இருக்கிற டேபைத் தூக்கி எறிந்துவிடும். வாட்ஸ்அப்பில் ஒரு பில்லைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பக்கம் முதலிலிருந்து லோட் ஆகும். பாதி நிரப்பியிருந்த படிவம் போச்சு. மறுபடி லாகின், மறுபடி கேப்ட்சா. எஸ்எஸ்டி எவ்வளவு வேகமாக இருந்தாலும் இதற்கு மருந்து கிடையாது.

ரேம் போட்ட அன்றோடு அது நின்றது. 20ஆம் தேதி, மாத ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-3பியின் கெடு நாளில், திறந்த டேப் திறந்தபடியே இருக்கிறது. படிவத்தில் எந்தக் கட்டத்தில் விட்டேனோ அதே கட்டத்தில் கர்சர் கண்சிமிட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும் என்று அன்று நாலு பேரிடம் சொன்னேன்.

கடையில் இரண்டு விஷயத்தைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். ஒன்று, 4ம் 8ம் ஜோடி சேராது, இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் சேர்ந்து வேலை செய்கிற டூயல் சேனல் போய்விடும் என்பது. இன்டெல்லில் ஃபிளெக்ஸ் மோட் என்று ஒன்று இருக்கிறது. முதல் 8 ஜிபி டூயல் சேனலில் ஓடும், மிச்சம் 4 மட்டும் சிங்கிளில் ஓடும். என்னைப் போன்றவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. இன்னொன்று, 3200 வேக ரேம்தான் வாங்க வேண்டும் என்பது. இந்த பிராசசர் 2133க்கு மேல் போகாது. 3200 போட்டாலும் அது அடக்கிக்கொண்டு 2133இல்தான் ஓடும்.

இதுவரை புகழ்ச்சி. இனி பாட்டம் கவர்.

2010 வாக்கில் வந்த பல லேப்டாப்களில் அடியில் குட்டியாக ஒரு மூடி இருக்கும். ஒரு ஸ்க்ரூவோ இரண்டோ கழற்றினால் ரேம் கண்முன் தெரியும். பத்தாவது படிக்கிற பையனே மாற்றிவிடுவான். மெஷினை ஒல்லியாக்குகிறேன் என்று அந்த மூடியை எடுத்துவிட்டார்கள். என்னுடையதில் இருக்கிற 4 ஜிபி போர்டோடு சால்டர் செய்தது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று காட்டும், அதற்கு அர்த்தம் இதுதான். மீதி இருக்கும் ஒரே ஸ்லாட்டுக்குப் போக மொத்த பாட்டம் கவரையும் கழற்ற வேண்டும். டிவிடி டிரைவை உருவினால் அதற்கடியில் ஸ்க்ரூ. ரப்பர் கால்களைப் பிய்த்தால் அதற்கடியிலும் ஸ்க்ரூ. எல்லாம் போன பிறகும் கவர் அசையாது, சுற்றிலும் பிளாஸ்டிக் லாக்.

சர்வீஸ் கடைத் தம்பி பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை முன்விளிம்பில் சொருகி நெம்பினார். 'டக்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே இன்னொன்று. "அது லாக் திறக்கிற சத்தம்தான் சார்" என்றார். உள்ளே அவர் கை சுத்தம்தான், அதை மறைக்கக் கூடாது. முதலில் பேட்டரி கனெக்டரைப் பிடுங்கினார். ரேமைச் சாய்வாக நுழைத்து, தங்க நிறப் பற்கள் முழுக்க உள்ளே மறைந்ததைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கீழே அழுத்தினார். இரண்டு பக்கமும் உலோகக் கொக்கிகள் கவ்வின. ஆன் செய்ததும் கொஞ்ச நேரம் ஸ்கிரீன் கறுப்பாகவே இருந்தது. புது ரேமை போர்டு பழகிக்கொள்கிற நேரம் அது, பதறி ஆஃப் செய்துவிடக் கூடாது.

வீட்டுக்கு வந்து டைப் அடிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, திறந்தது லாக் இல்லை, உடைந்தது. அன்றிலிருந்து இடது உள்ளங்கையை வைத்தால் கிறீச், எடுத்தால் கிறீச். பழைய கட்டிலில் புரண்டு படுக்கிற மாதிரி. ராத்திரி பத்து மணிக்கு மேல் வேலை செய்தால் பக்கத்து அறையிலிருந்து "எலி வந்திருக்கா பாருங்க" என்று குரல் வருகிறது. கடையில் கேட்டால் பழைய மெஷின், பிளாஸ்டிக் காய்ந்துபோயிருக்கும் என்கிறார்கள். டபுள் சைடு டேப் ஒட்டிப் பார்த்தேன். மார்கழியில் பிடித்தது, சித்திரையில் பசை இளகி விரலில் ஒட்டியது. புது பாட்டம் கவர் தனியாகக் கிடைக்கிறது, ஆனால் ரேமுக்குக் கொடுத்த காசுக்கு அது ஒன்றும் குறைச்சல் இல்லை.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். நான் வாங்கியபோது 8 ஜிபி 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது அந்த விலையில் கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார். ஏஐ சர்வர்களுக்கு மெமரி செய்வதில்தான் லாபம் என்று பெரிய கம்பெனிகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. குருஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. இந்தத் தலைமுறை பிராசசர்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11க்கு ஏற்றவை என்று மைக்ரோசாஃப்ட் தரும் பட்டியலில் இல்லை.

அதனால் வேண்டாம் என்றேன். ரேமின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இந்த மெஷினில் நான் போட்ட உருப்படியான காசு அதுதான். இருந்தாலும் வேண்டாம். இதையே காலையில் கேட்டிருந்தால் போடுங்கள் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. இரவு அவர் போன் செய்தபோது என் இடது கை அந்த இடத்தில்தான் இருந்தது.

அவர் சொன்னதைக் கேட்கிற ஆள் இல்லை, எப்படியும் போடத்தான் போகிறார். அப்படியென்றால் டிடிஆர்4 லேப்டாப் ரேம் என்று கேட்டு வாங்குங்கள், 260 பின். அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5 பார்க்க அதே அளவுதான், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், உள்ளே போகாது. கடையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். ஏடிஎம் கார்டை எடுத்தால், முன்விளிம்பைத் தொடாமல் பின்னால் கீல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.