மார்பகப் பரிசோதனை: ஊர் நர்ஸா, முகாமா, ஜிப்மரா?

கடலூர்ப் பக்கத்தில் முப்பது வயது தாண்டிய பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு மூன்று வழி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் கையால் தொட்டுப் பார்ப்பது ஒன்று, எப்போதாவது ஊருக்கு வந்து மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் முகாம் இன்னொன்று. இல்லாவிட்டால் பஸ் ஏறி புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் பெரிய மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மருக்கே போய்விடலாம். மெஷின் வைத்துப் பார்ப்பதுதான் உசத்தி என்று பலரும் சொல்வார்கள். என் ஓட்டு நர்ஸுக்குத்தான்.

கையால் பார்த்து என்ன தெரிந்துவிடும் என்பவர்களுக்கு மும்பை ஆய்வைச் சொல்லலாம். டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி, 35 முதல் 64 வயது வரையான ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் கவனித்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பார்த்த குழுவில் நோய் முற்றுவதற்கு முன்பே பிடிபட்டது. ஐம்பதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அப்படிக் குறையவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமும் அங்கே தடுமாறும்.

சரி, எந்தச் சோதனை என்பதை விட யார் வருகிறார்கள் என்பதுதான் பெரிய சிக்கல். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 30–49 வயதுப் பெண்களில் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 0.9 சதவீதம்தான். பண்ருட்டியில் முந்திரி உடைக்கப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும். ஆண் டாக்டர் பார்ப்பாரோ என்ற கூச்சம் வேறு. “வலியே இல்லையே, எதுக்கு?” என்பார்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, அதுதான் வம்பே.

பிரிட்டனில் ஐம்பது வயதிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை மேமோகிராமுக்குப் பெயர் போட்டுக் கடிதமே வருகிறது. நம் ஊரில் அந்தக் கடிதத்தின் வேலையைச் செய்யக்கூடியவர், தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கு வரும் அக்காதான். யார் வரவில்லை என்று அவருக்குத் தெரியும், மறுபடி வந்து கூப்பிடவும் முடியும். நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போகும் முகாமுக்கு அந்த வசதி இல்லை.

ஜிப்மரை இந்தப் போட்டியில் சேர்ப்பதே தப்பு. கட்டி தட்டுப்படுகிறது, காம்பில் ரத்தம் கசிகிறது, தோல் குழி விழுகிறது என்றால் நர்ஸையும் முகாமையும் விட்டுவிட்டு நேராக அங்கேயோ மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். ஒன்றும் இல்லாதவர் அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாய் நிற்கத் தேவையில்லை.

ஐம்பது தாண்டியவர்கள் மேமோகிராம் முகாமுக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் ‘தொடாமலே, கதிர்வீச்சு இல்லாமலே’ என்று உடம்புச் சூட்டைக் காட்டும் வெப்பப் படம் (தெர்மோகிராம்) மட்டும் எடுத்து அனுப்பினால் அது மேமோகிராமுக்கு ஈடல்ல. மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ இதைப் பலமுறை எச்சரித்திருக்கிறது. அப்புறம், படம் எடுக்கும் முன்பே ரிப்போர்ட்டை யார் தருவார்கள், சந்தேகம் என்றால் எந்த மருத்துவமனைக்குச் சீட்டு எழுதுவார்கள் என்று கேட்டுவிடுங்கள். மழுப்பினால், வியாழனோ வெள்ளியோ நர்ஸ் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்கே போய்விடலாம்.