பாரிஸில் மூன்று நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

ஷெங்கன் விசாவில் ஐரோப்பா செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் பாரிஸுக்கு இரண்டு அல்லது மூன்று நாள்களையே ஒதுக்குகிறார்கள். அந்த நாள்களுக்குள் ஈஃபிள் கோபுரம், லூவ்ர் அருங்காட்சியகம், நோத்ர்தாம் பேராலயம், வெர்சாய் அரண்மனை, செய்ன் நதிப் படகுப் பயணம் என அனைத்தையும் சுற்றுலா நிறுவனங்கள் அடக்கிவிடுகின்றன. வரிசையில் நிற்கும் நேரம் மட்டும் அந்த நிரலில் இடம்பெறுவதில்லை. சொந்தமாகத் திட்டமிடுபவர் அதை அப்படியே பின்பற்ற வேண்டிய அவசியமில்லை. பாரிஸின் பெயர்பெற்ற இடங்களில் பல, ஒரே வகையான அனுபவத்தைத் தரும் இணைகளாக இருக்கின்றன. ஒவ்வோர் இணையிலும் ஒன்றைத் தேர்ந்து மற்றதைத் துணிந்து விட்டுவிடுவதே நல்லது. அப்படித் தேரும்போது, புகழில் இரண்டாம் இடத்தில் இருப்பதே பெரும்பாலும் குறுகிய பயணத்துக்குப் பொருந்துகிறது என்பது என் கருத்து.

நகரை உயரத்திலிருந்து பார்ப்பதற்கு முதலில் நினைவுக்கு வருவது 1889 உலகக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட ஈஃபிள் கோபுரம். இன்றைய உயரம் 330 மீட்டர். அடிவாரத்தில் பாதுகாப்புச் சோதனை முடித்து, இரண்டாம் தளம் வரை ஒரு லிஃப்டில் சென்று இறங்கி, உச்சிக்குப் போகும் வேறொரு லிஃப்டுக்காக மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். டிக்கெட்டுகள் ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே இணையத்தில் விற்பனைக்கு வருவதால், கோடைக்காலத்தில் கடைசி நேரத்தில் தேடுபவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இவ்வளவும் கடந்து உச்சிக்குச் சென்றால், அந்த உயரத்தில் கட்டடங்களின் முகம் மறைந்து கூரைகள் மட்டுமே எஞ்சுகின்றன.

சான்ஸ் எலிசே சாலையின் மேற்கு முனையிலுள்ள வெற்றி வளைவு ஏறக்குறைய 50 மீட்டர் உயரம்தான். நெப்போலியன் 1806இல் கட்ட ஆணையிட்ட இது 1836இல், அவர் இறந்து 15 ஆண்டுகள் கழித்தே முடிந்தது. 284 படிகள் ஏறி மேல்தளத்துக்கு வந்தால், 12 அகன்ற சாலைகள் காலடியிலிருந்து நாலாபுறமும் பிரிந்து செல்வதையும், அவற்றின் இருமருங்கிலும் ஒரே உயரத்தில் அணிவகுத்த வீடுகளையும், சற்றுத் தொலைவில் ஈஃபிள் கோபுரத்தையும் ஒருசேரக் காணலாம். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் கோபுரத்தின் விளக்குகள் ஐந்து நிமிடம் மினுமினுக்கும். அதைப் பார்க்க இது நல்ல இடம். வளைவைச் சுற்றி ஓடும் போக்குவரத்துக்குள் இறங்கிச் சாலையைக் கடக்க முயலக் கூடாது, சுரங்கப்பாதை இருக்கிறது. என் தேர்வு வெற்றி வளைவு. ஆனால் முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்துச் செல்பவருக்கு லிஃப்ட் வசதியுள்ள ஈஃபிளே சரி. அவர்களும் இரண்டாம் தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அங்கிருந்து காணும் காட்சியே தெளிவானது.

கடினமான தேர்வு லூவ்ருக்கும் ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் இடையிலானது. லூவ்ர் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டையாகத் தொடங்கி, அரண்மனையாக வளர்ந்து, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1793இல், மக்களுக்கான அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. காட்சியில் உள்ள பொருள்கள் மட்டுமே ஏறத்தாழ 35,000. ஒரு முழு நாளில் கால் வலிக்க நடந்தாலும் இதில் சிறு பகுதியைத்தான் பார்க்க முடியும். வருபவர்களில் பெரும்பகுதியினர் மோனா லிசாவை நோக்கியே செல்வதால், அந்தக் கூடத்துக்குப் போகும் வழியெல்லாம் திருவிழாக் கூட்டம்தான். 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் கொண்ட அச்சிறு ஓவியம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், தூக்கிப் பிடித்த கைப்பேசிகளுக்கு அப்பால் தெரியும். சில நொடிகளில் காவலர்கள் நகரச் சொல்வார்கள். அதற்கு நேரெதிர்ச் சுவர் முழுவதையும் அடைத்து நிற்கும் வெரோனீஸின் ‘கானா ஊர்த் திருமணம்’ ஏறக்குறைய 10 மீட்டர் அகலமுள்ளது. 1797இல் நெப்போலியனின் படை வெனிஸிலிருந்து அதை எடுத்துவந்தது. இசைக்கலைஞர்கள், பரிமாறுபவர்கள், விருந்துண்பவர்கள், நாய்கள் என நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் நிறைந்த அந்த ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அந்தக் கூட்டம் நிற்கிறது.

கட்டணமும் கவனிக்க வேண்டியது. 2026 ஜனவரி முதல், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியேயிருந்து வருபவர்களுக்கு லூவ்ர் நுழைவுக் கட்டணம் 32 யூரோ. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ செல்பவர் பக்கத்தில் நிற்கும் ஜெர்மானியரைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறார் என்பது உறுத்தத்தான் செய்கிறது. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஓரளவு தப்பிக்கலாம்: 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு லூவ்ர், ஓர்சே, வெற்றி வளைவு, சேன்ட் ஷப்பெல் சிற்றாலயம் ஆகிய நான்கிலும் அனுமதி இலவசம். ஈஃபிளில் அந்தச் சலுகை இல்லை.

ஓர்சே அருங்காட்சியகம், 1900 உலகக் கண்காட்சியை ஒட்டித் திறக்கப்பட்ட ஒரு ரயில் நிலையம். மின்மயமான நீண்ட ரயில்களுக்கு அதன் நடைமேடைகளின் நீளம் போதாமல் போனதால் தொலைதூரச் சேவை நின்றது. 1986இல் அது அருங்காட்சியகமாயிற்று. இங்கே 1848 முதல் 1914 வரையிலான கலை மட்டுமே என்பதால் எல்லை தெளிவாக இருக்கிறது, மூன்று மணி நேரத்தில் மனநிறைவோடு பார்த்து முடிக்கலாம். மோனே, ரெனுவார், வான்கோ ஆகியோரின் ஓவியங்களைப் புத்தகங்களிலும் நாட்காட்டிகளிலும் கண்டவர்கள், வண்ணம் எவ்வளவு தடிப்பாக அப்பப்பட்டிருக்கிறது என்பதை இங்குதான் உணர்வார்கள். ஓவியர் தெகா வடித்த வெண்கல நடனச் சிறுமிக்கு உண்மையான துணியாலான பாவாடை கட்டி, சடையில் நாடா முடிந்திருப்பதைக் கிட்ட நின்று பார்க்கலாம். வியாழக்கிழமைகளில் இரவு 9.45 வரை திறந்திருப்பதால் மாலையில் செல்வது உகந்தது. ஒரே ஓர் அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் என்றால் நான் ஓர்சேயைச் சொல்வேன். பாபிலோன் மன்னர் ஹம்முராபியின் சட்டக் கல்வெட்டு, எகிப்தியச் சிலைகள், மெசொப்பொத்தேமிய அரண்மனைக் காவல் காளைகள் ஆகியவற்றில் ஈடுபாடுள்ளவருக்கு மட்டும் இந்தப் பரிந்துரை பொருந்தாது. அவர் லூவ்ருக்கே போக வேண்டும், மோனா லிசாவைத் தவிர்த்துவிட்டால் அவருக்கு அங்கே நெரிசலும் குறைவு.

நோத்ர்தாமும் சேன்ட் ஷப்பெல் சிற்றாலயமும் செய்ன் நதியின் நடுத்தீவில், சில நிமிட நடைத் தொலைவில் இருப்பதால் இரண்டையும் பார்க்க இயலும். 2019 ஏப்ரல் 15 தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர்தாமில் உள்ளே செல்லக் கட்டணமில்லை. வரிசை நீளமாகத் தெரிந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். கட்டணம் செலுத்த வேண்டிய சேன்ட் ஷப்பெல், இயேசுவின் முள்முடி என நம்பப்பட்ட புனிதப் பொருளை வைப்பதற்காக ஒன்பதாம் லூயி மன்னர் கட்டி 1248இல் அர்ப்பணித்த ஆலயம். அந்த முடி இப்போது இருப்பது நோத்ர்தாமில். கீழ்த்தளம் தாழ்வானது, மங்கலானது. அங்கிருந்து குறுகிய சுழற்படி ஏறி மேல்தளத்துக்கு வந்தால் சுவரே இல்லாததுபோல் 15 மீட்டர் உயர வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் சூழ்ந்து நிற்கின்றன. இது வெளிச்சத்தை நம்பிய கட்டடம் என்பதால் வெயிலுள்ள நாளில் செல்ல வேண்டும். மழைநாளில் நோத்ர்தாமோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நகருக்கு வெளியே உள்ள வெர்சாய் நாளின் பெரும்பகுதியை விழுங்கும். இரண்டு நாள் பயணத்தில் அதைச் சேர்ப்பது வீண். மூன்றாம் நாள் இருந்து, அரண்மனை ஒன்றைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள், முதல் உலகப்போருக்குப் பின் 1919இல் ஒப்பந்தம் கையெழுத்தான கண்ணாடிக் கூடத்துக்காகவும் தோட்டத்துக்காகவும் போகலாம். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு ஃபோன்தென்ப்ளோ அரண்மனை ஏற்ற மாற்று.

தமிழர்களுக்கு வேறொரு தேர்வும் உண்டு. கீமே ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற சோழர்கால நடராசர் செப்புத்திருமேனி இருக்கிறது. ஈஃபிளிலிருந்து நதியைக் கடந்து நடந்தே போகலாம். சோற்றுக்கு ஏங்குபவர்களுக்கு வடக்கு ரயில் நிலையத்துக்கு அருகே, ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பல்.

தேர்வு எதுவாயினும் கிழமையைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். ஓர்சேயும் வெர்சாயும் திங்கட்கிழமை விடுமுறை. லூவ்ர், கீமே, ஃபோன்தென்ப்ளோ ஆகியவை செவ்வாய்க்கிழமை விடுமுறை. லூவ்ர் மூடியிருக்கும் செவ்வாயன்று வெர்சாயில் கூட்டம் மிகும் என்பதால், அங்கே போக விரும்புபவர்கள் புதன் அல்லது வியாழனைத் தேர்ந்து, முன்பதிவில் காலையின் முதல் நேரத்தைக் கேட்பது நல்லது.