டீசல் வானில் ஈஜிஆர் வால்வை அடைக்கலாமா? கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு: இரண்டு வான்களின் அனுபவம்

டீசல் வான் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கராஜில் இதைக் கேட்டிருப்பார்கள்: "அண்ணை, ஈஜிஆரை அடைச்சு விடுவம். பிறகு காபன் பிரச்சினையே வராது." கிளிநொச்சியில் எனக்கும் சொன்னார்கள். நான் அடைக்கவில்லை. புதுக்குடியிருப்பில் இருக்கும் மச்சான் அடைத்துவிட்டார். இரண்டு பேரிடமும் இருப்பது ரொயோட்டா கேடிஎச் வான், 2கேடி என்ற டீசல் எஞ்சின். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பகலில் பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில் சில்லறை ஓட்டம், இடைக்கிடை இரவில் கட்டுநாயக்க ஹயர். ஓட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் சில வருடங்களாக இரண்டு வானையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

முதலில் அந்த வால்வு என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எரிந்து வெளியே போகும் புகையில் ஒரு பங்கை அது திருப்பி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. காற்றில் 78 வீதம் நைதரசன். எரியும் இடத்தின் சூடு சுமார் 1500 பாகை செல்சியசுக்கு மேலே ஏறினால் அந்த நைதரசன் ஒட்சிசனோடு சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகளாக மாறும். ஏற்கெனவே எரிந்த புகையைக் கொஞ்சம் கலந்துவிட்டால் ஒட்சிசன் குறையும், சூடு தணியும், அந்த நச்சுவாயுவும் குறையும். பாரம் குறைந்த ஓட்டத்தில்தான் வால்வு திறக்கும். முழுப் பெலத்தில் மிதிக்கும்போது மூடிவிடும். ஆகவே வால்வு சரியாக வேலை செய்கிற வானில், பாரம் ஏற்றி இழுக்கும்போது வரும் பெலக்குறைவுக்கு ஈஜிஆரைக் குறை சொல்ல முடியாது.

காபன் படிவது உண்மை. என் வானின் இன்டேக் மனிபோல்டை, அதாவது எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதியை, முதன்முதலில் கழற்றியபோது உள்ளே தார் மாதிரிக் கறுப்பு, விரலால் வழித்தால் கையோடு வந்தது. ஆனால் அதில் புகைக்கரி மட்டும் இல்லை. எஞ்சினின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் ஒயில் ஆவியும் இன்டேக் குழாய்க்குள்தான் போகிறது. உலர்ந்த கரி அந்த ஒயில் ஈரத்தில் ஒட்டித்தான் பசையாகிறது. ஒயிலை அளவுக்கு மேலே ஊற்றி வைத்திருந்தால், பிஸ்ரன் ரிங் தேய்ந்திருந்தால், அந்த ஆவியை வெளியேற்றும் பிறீதர் குழாய் அடைபட்டிருந்தால் படிவு வேகமாகக் கூடும். ஈஜிஆரை அடைத்தால் கரி வராது, ஒயில் தொடர்ந்து வரும். அதை யாரும் பார்ப்பதில்லை.

எங்கள் பக்கத்து ஓட்டமுறையும் இதற்கு ஒரு காரணம். பள்ளிக்கூட வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் ஏசி போட்டு, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கிறோம். சித்திரை வெயிலில் வேறு வழியும் இல்லை. எஞ்சின் சும்மா ஓடும்போது எரிப்பு அரைகுறை, கரி அதிகம். அதற்கு மேலே கிறவல் ரோட்டுப் புழுதி. எயார் பில்டர் அடைபட்டால் காற்றுப் போதாமல் இன்னும் கரி. மாங்குளம் ஒட்டுசுட்டான் பக்கம் உள்ரோடுகளில் ஓடுகிறவர்கள் சேர்விஸ் புத்தகத்தில் இருக்கும் கணக்கைப் பார்க்காமல், அதற்கு முன்னதாகவே பில்டரைத் திறந்து பார்க்க வேண்டும்.

சரி, மச்சானின் வான். அடைத்த உடனே அவருக்கு ஒரு மாற்றம் தெரிந்தது. கீழ் ஆர்பிஎம்மில் மிதித்தவுடன் வான் கொஞ்சம் சுறுக்காக எடுத்தது. நானும் ஓட்டிப் பார்த்தேன், அது மெய்தான். ஒயில் கறுக்க முன்பைவிட நாள் எடுத்தது. டீசல் செலவில் இருவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காலையில் ஸ்ராட் பண்ணும்போது எஞ்சின் தட்டும் சத்தம் கூடியது. பாரம் ஏற்றும்போது வந்த கரும்புகை மட்டும் அப்படியே இருந்தது, அதற்காகத்தான் அவர் அடைத்தார். பிறகு வவுனியாவில் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதித்தபோது ஒன்று பின்வழியாக அளவுக்கு மேலே டீசலை ஒழுக விடுவது தெரிந்தது. அதை மாற்றியதும் புகை நின்றது. ஈஜிஆர் அதில் சம்பந்தப்படவே இல்லை.

அவர் பட்ட பெரிய தொல்லை வேறு. அடைத்துச் சில நாளில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்கான் பண்ணினால் பி0401, அதாவது ஈஜிஆர் வழியாகப் போகும் ஓட்டம் போதாது. அடைத்த கராஜ் மென்பொருளில் கைவைத்து விளக்கை வராமல் பண்ணிக் கொடுத்தது. அப்புறம் டேர்போவுக்குப் போகும் ஹோஸ் ஒன்று வெடித்து, வான் இழுவையில்லாமல் கிடந்தபோதும் டாஷ்போட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. பிழையைக் கண்டுபிடிக்க நாள்கணக்கில் அலைந்தார். ஒரு விளக்கை மறைப்பதற்காக வானின் வாயையே கட்டிவிட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

எங்கள் மெக்கானிக்மாரை நான் குறைவாக நினைக்கவில்லை. யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டிக் காட்டிய கைகள் அவை. இல்லாத சாமானுக்கு மாற்று, தேவையில்லாததைக் கழற்று என்ற பழக்கம் அன்றைக்குச் சனத்தைக் காப்பாற்றியது. 2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 இல்தான் திரும்பத் திறந்தது. இருக்கிற வானை எப்படியாவது நீண்டநாள் ஓட்ட வேண்டும் என்ற தவிப்பும் எனக்கு விளங்குகிறது. ஆனால் கணினி கட்டுப்படுத்தும் எஞ்சினில் ஒன்றைக் கழற்றினால் மற்றைய எல்லாவற்றின் கணக்கும் மாறுகிறது.

"புகைப் பரிசோதனையில் பாஸ் ஆகுதுதானே?" என்று மச்சான் கேட்டார். ஆகும். வருட லைசென்சுக்காக டீசல் வாகனத்தில் பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டும்தான். நைதரசன் ஒட்சைட்டை அங்கே அளப்பதில்லை. ஈஜிஆரை அடைத்த வான் இன்னும் சுத்தமாகக் கூடத் தெரியலாம், ஏனென்றால் கரி குறையும், கண்ணுக்குத் தெரியாத வாயு கூடும். 2015 இல் அமெரிக்காவில் வோக்ஸ்வாகன் மாட்டியது இதே வாயுவில்தான். பரிசோதனைக் கூடத்தில் சரியாகக் காட்டிய அந்தக் கார்கள் ரோட்டில் அனுமதித்த அளவைவிட 40 மடங்கு வரை விட்டன. 2012 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியாக வகைப்படுத்தியது. நைதரசன் ஒட்சைட்டு அதைவிட உடனடியாக வேலை காட்டும்: மூச்சுக்குழாயை எரிச்சலாக்கும், இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு இழுப்பைக் கூட்டும். என் வானில் வரும் பிள்ளைகளில் இருவர் இழுப்புக்குப் பம் (இன்ஹேலர்) வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட வாசலில் வரிசையாக நிற்கும் வான்களின் பின்பக்கத்தால்தான் பிள்ளைகள் நடந்து போகிறார்கள். நான் அடைக்காததற்கு முதற்காரணம் இதுதான். எஞ்சின் எல்லாம் அடுத்தது.

அடைக்காமல் என்ன செய்கிறேன்? வாய்க்கால் தூர்ந்தால் வெட்டித் துப்புரவாக்குகிற மாதிரி, வால்வைக் கழற்றிக் கழுவுகிறேன். பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வால்வைக் கழற்றி, கரி இருக்கும் பக்கத்தை மட்டும் காபரேட்டர் கிளீனரில் ஊறவிட்டு, மெல்லிய பிரஷால் உரசலாம். மோட்டர் உள்ள வால்வு என்றால் அந்தப் பக்கம் ஒரு துளியும் படக்கூடாது. ஸ்குறூட்றைவரால் சுரண்டினால் வால்வு உட்காரும் விளிம்பில் கீறல் விழும், பிறகு மூடினாலும் கசியும். பூட்டும்போது காஸ்கட் புதிது. மனிபோல்டைக் கழுவுவதென்றால் வெளியே எடுத்துத்தான் கழுவ வேண்டும், பொருத்தியபடி சுரண்டினால் கரிக்கட்டி உள்ளே விழும். எஞ்சின் ஓட ஓட இன்டேக்கில் ஸ்பிரே அடிப்பதை டீசலில் செய்யவே வேண்டாம். அந்தத் திரவமே எரிபொருளாகி எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் சுற்றலாம். இன்டேக்கில் இருக்கும் அமுக்க சென்சாரின் துளையையும் பாருங்கள். அது அடைபட்டாலும் புகை வரும், பழி ஈஜிஆருக்குப் போகும்.

முதல் தடவை கழுவிய பிறகு என் வானுக்கும் மச்சான் சொன்ன அதே சுறுக்கு வந்தது. அடைத்ததால் அவர் கண்ட நன்மையில் பெரும்பங்கு, அடைபட்டுக் கிடந்த வால்வின் தொல்லை நீங்கியதால் வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

ஈஜிஆர் கூலர், அதாவது திருப்பி அனுப்பும் புகையைத் தண்ணீரால் ஆற்றும் பகுதி, உள்ள வாகனம் என்றால் றேடியேற்றர் தண்ணீர் காரணமில்லாமல் குறைகிறதா என்று பார்த்து வாருங்கள். 2018 இல் தென்கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் தீப்பிடித்தது கூலர் கசிந்துதான். கசிகிற கூலரை மாற்றியே ஆகவேண்டும். புகைக்கரி வடிகட்டி உள்ள புதிய டீசல்களில் ஈஜிஆரில் கைவைக்கவே கூடாது, வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தமாக்கும் கணக்கு குழம்பிவிடும்.

யாராவது அடைக்கச் சொன்னால் முதலில் இன்ஜெக்டர் ஒழுக்கைச் சோதிக்கச் சொல்லுங்கள், எயார் பில்டரையும் பிறீதர் குழாயையும் பாருங்கள், வால்வை ஒருமுறை கழுவி ஓட்டிப் பாருங்கள். மச்சான் இப்போது ஈஜிஆரை அடைத்த தகட்டை எடுத்துவிட்டுப் பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்ற ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ அதை ஒழுங்காகச் செய்பவர்கள் தெரிந்தால் சொல்லுங்கள்.